காற்று வராத மாதங்களின் மின்தேவை

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை மாநிலம் காணாத உச்சம் அது. தென்மேற்குப் பருவக்காற்று வருவதற்கு அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்தக் காற்று இறங்கிய பிறகுதான் தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்துக் காற்றாலைகள் முழு வேகம் கொள்ளும். குற்றாலத்தில் சாரல் விழும். தேவை சித்திரையில் உச்சத்துக்குப் போகிறது, காற்று ஆனியில் வருகிறது. மின்தொகுப்புகள் உச்சநேரத்தில் திணறுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பொருத்தமின்மைக்குள் அடங்கியிருக்கின்றன. ஆண்டுக் கணக்கில் போதுமான மின்சாரம் உள்ள மாநிலத்திலும், வேண்டிய நேரத்தில் வேண்டிய ஊரில் அது கிடைக்காமல் போகலாம்.

யூனிட்டும் மெகாவாட்டும்

மின்கட்டண அட்டையில் குறிக்கப்படுவது யூனிட். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். இது மொத்தமாகச் செலவான ஆற்றலின் கணக்கு. மின்தொகுப்பை இயக்குவோர் இதோடு இன்னொரு கணக்கையும் பார்க்கிறார்கள். இந்த நொடியில் எத்தனை மெகாவாட் இழுக்கப்படுகிறது என்பதே அந்தக் கணக்கு. ஒரு வீடு இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவிடுகிறது என்பது அந்த வீட்டுக்குப் போகும் கம்பியின் தடிமனைத் தீர்மானிக்காது. குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார், மிக்சி, இஸ்திரிப் பெட்டி நான்கும் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்த வீடு இழுக்கும் கிலோவாட்டே கம்பியையும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரையும், துணைமின் நிலையத்தையும், கடைசியில் மின்நிலையத்தையும் எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறது.

கணக்கு பெருகும் விதம் எளியது. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். பத்து லட்சம் வீடுகளில் அது ஒரே சமயத்தில் ஓடினால் 1,500 மெகாவாட் தேவைப்படும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் சேர்ந்த திறன் 1,050 மெகாவாட். அந்த நிலையம் முழுவதும் ஓடினாலும் இந்தக் குளிர்சாதனங்களுக்குப் போதாது. ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் ஏறக்குறைய 3.7 கிலோவாட் இழுக்கும். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. அவற்றில் இருபது லட்சம் இணைப்புகளில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் கொண்டால் 7,400 மெகாவாட் வேண்டும். மும்முனை மின்சாரம் கிராமங்களுக்கு நெடுங்காலம் முறை வைத்து வழங்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஆண்டின் 8,760 மணி நேரத்தில் தேவை உச்சத்தை ஒட்டி நிற்பது சில நூறு மணி நேரம் மட்டுமே. ஆனால் அந்தச் சில நூறு மணி நேரத்துக்காகவே மின்நிலையமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டப்பட வேண்டும். சராசரித் தேவைக்கும் உச்சத் தேவைக்கும் இடையிலுள்ள இடைவெளி அகல அகல, ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும் முதலீடும் கூடுகிறது.

நொடிக்கு நொடி சமநிலை

அரிசியையும் பெட்ரோலையும் கிடங்கில் வைத்து வேண்டியபோது எடுக்கலாம். மாறுமின்னோட்டமாகக் கம்பியில் ஓடும் மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் அளவுகோல் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ். 49.90க்கும் 50.05க்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய மின்தொகுப்பு விதி. தேவை கூடி உற்பத்தி கூடாவிட்டால், ஜெனரேட்டர்களின் சுழல் வேகம் இழுபட்டு அதிர்வெண் இறங்கும். தேவை சட்டெனக் குறைந்தால் அது ஏறும்.

இறங்கும் அதிர்வெண்ணை உடனே நிமிர்த்தாவிட்டால் மின்நிலையங்கள் தங்கள் இயந்திரங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் மற்றவற்றின் சுமை கூடும், அவையும் விலகும். அப்படி நேராமல் தடுக்க, குறித்த அளவுக்குக் கீழே அதிர்வெண் போனதும் சில ஊர்களின் மின்பாதைகளைத் தானாகத் துண்டிக்கும் ரிலேக்கள் துணைமின் நிலையங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அறிவிப்பில்லாமல் வரும் சில மின்தடைகளுக்குப் பின்னால் இந்த ரிலேக்கள் இருக்கின்றன. மொத்தத் தொகுப்பும் சரியாமல் இருக்க ஒரு பகுதி இருளை ஏற்கிறது.

இந்தத் தற்காப்பு போதாமல் போனால் நேர்வதை 2012 ஜூலை 30, 31 தேதிகள் காட்டின. முதல் நாள் வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. தென்னகத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாமல் இருந்ததால் தப்பியது. எதிர்த்திசைச் சோதனை 2020 ஏப்ரல் 5 அன்று வந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கப் பிரதமர் விடுத்த அழைப்பை நாடு ஏற்றபோது, தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்து, அவற்றின் உற்பத்தியைச் சட்டென இறக்கி ஏற்றித் தொகுப்பைக் காப்பாற்றினார்கள். எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதோடு, அதை எவ்வளவு வேகமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதும் சமமான அளவுக்கு முக்கியம் என்பதை அந்த இரவு உறுதிப்படுத்தியது.

தேவை ஏறும் விதம்

தமிழ்நாட்டின் தேவைக்கு ஆண்டுச் சுழற்சி ஒன்றும் நாள் சுழற்சி ஒன்றும் உண்டு. மார்ச்சு முதல் மே வரை வெப்பம் ஏற ஏற மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓயாமல் ஓடுகின்றன. குளங்களும் கிணறுகளும் வற்றும் அதே காலத்தில் நீர்மட்டம் கீழே போவதால், முன்பு ஒரு மணி நேரத்தில் பாய்ந்த வயலுக்குக் கூடுதல் நேரம் மோட்டார் ஓட வேண்டியிருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் குண்டாறு, அடவிநயினார், இராமநதி, கருப்பாநதி அணைகள் பருவமழையில் நிரம்பிக் கோடையில் இறங்குபவை. வாய்க்கால் நீர் குறையும்போது பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை பக்கத்துக் காய்கறி விளைச்சல் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்புகிறது. வெயில் ஒரே நேரத்தில் வீட்டின் தேவையையும் வயலின் தேவையையும் ஏற்றிவிடுகிறது.

நாள் சுழற்சியில் காலை ஆறு மணிக்குமேல் சமையலறையும் தண்ணீர் மோட்டாரும் முதல் ஏற்றத்தைத் தருகின்றன. பகலில் ஆலைகள், அலுவலகங்கள், பம்புசெட்டுகள். சங்கரன்கோவில் விசைத்தறிகளும் செங்கோட்டை மர அறுவை ஆலைகளும் இந்தப் பகல் தேவையில் சேரும். மாலை ஆறரைக்குமேல் தெருவிளக்கு, கடைவீதி, வீட்டு விளக்கு, தொலைக்காட்சி. கோடையில் இரவு பத்து மணிக்குப் பிறகும் தேவை முன்போல் இறங்குவதில்லை. வாங்கக்கூடிய விலைக்குக் குளிர்சாதனம் வந்த பிறகு சிறு நகரங்களிலும் படுக்கையறைகள் இரவு முழுக்கக் குளிரூட்டப்படுகின்றன. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை நள்ளிரவு வரை வீட்டுக்குள் விடுவதால், வெயில் சாய்ந்தாலும் தேவை சாயாது.

மக்களின் பழக்கம் ஒரே கணத்தில் ஒன்றுசேர்ந்தால் உச்சம் எவ்வளவு கூர்மையாகும் என்பதற்குப் பிரிட்டன் எடுத்துக்காட்டு. 1990 ஜூலை 4 அன்று உலகக்கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய ஆட்டம் முடிந்ததும், தேநீர்க் கெட்டில்களை மக்கள் ஒன்றாகப் போட்டதில் தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. அத்தகைய ஏற்றங்களை எதிர்கொள்ளவே வேல்ஸ் மலையில் டினார்விக் நீரேற்று மின் நிலையம் 1984 முதல் இயங்குகிறது. இலங்கையில் தொழிற்சாலைகளைவிட வீடுகளின் பங்கு அழுத்தமாகத் தெரிவதால் மாலை விளக்கேற்றும் நேரமே நெடுங்காலம் உச்சநேரமாக இருந்து வருகிறது.

கணவாய்க் காற்றின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் காற்று குவிந்து வேகம் பெறுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களே தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் ஊற்றுகள். 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்று மின்னுற்பத்தி, பிறகு கயத்தாறு, முப்பந்தல் என விரிந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே ஊத்துமலை, சுரண்டை, ஆலங்குளம் நிலப்பரப்பிலும் காற்றாலைகள் எழுந்தன. இன்று மாநிலத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இந்த எண் தரும் நம்பிக்கையைக் காற்றின் இயற்பியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க திறன் எட்டு மடங்காகும். எதிர்த்திசையிலும் இதே விதிதான். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசிய காற்று 9 மீட்டராகக் குறைந்தால், வேகம் கால் பங்கு குறைந்ததாகத் தோன்றும்; கிடைக்கும் திறனோ பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே ஜூலையில் ஒரு நாள் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொடுக்கும் காற்று, சில மணி நேரத்தில் பல நூறு மெகாவாட் இறங்கக்கூடும். ஏப்ரல் மாத மாலையில் அது மிகச் சிறிதளவே கொடுக்கும்.

காற்றுக்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது. சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிச் சீமை குளிர்ந்திருக்கும். குளிர்சாதனங்களும் பம்புசெட்டுகளும் ஓயும் நள்ளிரவில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். அனல் மின் நிலையங்களைக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறக்க முடியாது. அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்றிக் கொண்டுவரப் பல மணி நேரமாகும். மறுநாள் காலைத் தேவைக்கு அவை வேண்டும். எனவே சில இரவுகளில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வருகிறது. கோடையில் மெகாவாட்டுக்கு ஏங்கும் அதே மாநிலம், ஆடியில் இலவசமாக வீசும் காற்றைப் பயன்படுத்தாமல் விடும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

இந்தப் பருவ இடைவெளியை ஓரளவு ஈடுகட்டும் வழி ஒன்று உண்டு. பஞ்சாப் போன்ற வடமாநிலங்களில் நெல் நடவுக் காலமான ஜூன், ஜூலையில் தேவை உச்சம் காண்கிறது. காற்றுக்காலத்தில் அங்கே மின்சாரம் கொடுத்துக் கோடையில் திரும்பப் பெறும் பண்டமாற்று நடைமுறையில் இருக்கிறது. அது பயனுள்ளது என்றாலும், கம்பியில் இடம் இருக்கும் அளவுக்குத்தான் நடக்கும்.

மற்ற நிலையங்களின் குணம்

சூரிய மின்சாரம் நடுப்பகல் தேவையைத் தாங்கிப் பிடிக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட கமுதி சூரிய மின் பூங்கா 648 மெகாவாட் திறன் கொண்டது. அதன் பிறகு தென்மாவட்டங்களில் சூரியப் பலகைகள் வேகமாகப் பரவியுள்ளன. ஆனால் மாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் சூரிய உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும். அதே ஒன்றரை மணி நேரத்தில் விளக்குத் தேவை ஏறும். இறங்கும் சூரியனையும் ஏறும் தேவையையும் சேர்த்து, வேறு நிலையங்கள் குறுகிய நேரத்தில் பல ஆயிரம் மெகாவாட்டைக் கூட்டித் தர வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் மின்தொகுப்பு இயக்குநர்கள் 2013 முதலே எச்சரித்து வந்த மாலை ஏற்றம் இதுதான். சூரிய மின்சாரம் பெருகும் எல்லா இடங்களிலும் இது தோன்றும்.

வேகமாகக் கூட்டித் தர வல்லவை நீர்மின் நிலையங்கள். மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் முழு உற்பத்தி வரும். தாமிரபரணியில் 1944 முதல் இயங்கும் பாபநாசம் 32 மெகாவாட், அருகிலுள்ள சேர்வலாறு 20 மெகாவாட், குமரி மாவட்டத்துக் கோதையாறு 100 மெகாவாட் தரக்கூடியவை. மாநிலம் முழுவதுக்கும் நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட். உச்சத் தேவையோடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஒரு பங்கு. ஏப்ரல், மே மாதங்களில் அணை நீர் இறங்கியிருப்பதால், வேகம் மிகுதியாக வேண்டிய காலத்தில் நீர் குறைவாக இருக்கிறது. அணைகளின் முதல் கடமை பாசனமும் குடிநீரும் என்பதால், மின்சாரத்துக்காக மட்டும் நீரைத் திறந்துவிடவும் முடியாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் போன்ற காடுகளுக்குள் புதிய அணைகள் கட்டுவதும் விரும்பத்தக்கதன்று. அந்தக் காடுகள்தான் ஆறுகளைப் பிறப்பிக்கின்றன.

மாநிலத்தின் சொந்த அனல் மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 5,000 மெகாவாட். வெப்பக் கொதிகலன் மெதுவாகவே ஏறி இறங்கும். பராமரிப்புக்கோ கொதிகலன் குழாய் வெடிப்புக்கோ ஓர் அலகு நின்றால் 210 அல்லது 600 மெகாவாட் ஒரே அடியில் போய்விடும். கூடங்குளம் அணு மின் நிலையத்தின் இரண்டு அலகுகளும் தலா 1,000 மெகாவாட் தருபவை. ஒரே சீராக ஓடுவதற்கு அவை ஏற்றவை. தேவைக்கேற்ப ஏற்றி இறக்கப் பயன்படுவதில்லை. அவற்றில் ஒன்று திடீரென நின்றால், தொகுப்பு ஒரே நொடியில் 1,000 மெகாவாட்டை வேறெங்கிருந்தாவது திரட்ட வேண்டும். மாநிலத்தின் மீதித் தேவைக்கு மத்திய நிலையங்களின் பங்கும், தனியார் ஒப்பந்தங்களும், அன்றாட மின் சந்தையும் துணை நிற்கின்றன.

கம்பியின் எல்லை

உற்பத்தி இருந்தும் கொண்டுவர முடியாமல் போவது இன்னொரு காரணம். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்தன. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அதே காலத்தில் நாட்டின் பிற பகுதிகளில் வாங்க மின்சாரம் இருந்தது. தென்னகத்துக்குள் அதைக் கொண்டுவரும் வழித்தடம் குறுகலாக இருந்ததால், மின் சந்தையில் தென்னகத்துக்குத் தனி விலை, அதுவும் கூடுதல் விலை, உருவானது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு தேசியத் தொகுப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ராய்கர்–புகளூர் உயரழுத்த நேர்மின்பாதை சத்தீஸ்கரிலிருந்து 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் திறன் பெற்றது. முன்பிருந்த நெருக்கடி தளர்ந்ததற்கு இந்தக் கம்பிகள் பெரும் காரணம்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலைக்கு அப்பால் கிடைக்கும் பாடம் இன்னும் நெருக்கமானது. கூடங்குளத்து மின்சாரத்தைக் கேரளத்துக்குக் கொண்டுசெல்லத் திருநெல்வேலியிலிருந்து கொல்லம் மாவட்டம் எடமண் வழியாகக் கொச்சிக்கு 400 கிலோவோல்ட் பாதை திட்டமிடப்பட்டது. எடமண்–கொச்சிப் பகுதி 148 கிலோமீட்டர். ரப்பர்த் தோட்டமும் வீட்டுமனையும் நெருங்கிக் கிடக்கும் நிலம் அது. இழப்பீடு குறித்த எதிர்ப்பால் பணி பல்லாண்டு முடங்கியது. இழப்பீட்டை உயர்த்தி, நில உரிமையாளர்களோடு பேசித் தீர்த்த பிறகு 2019இல் பாதை பயனுக்கு வந்தது. அணு உலை ஓடத் தொடங்கிய பின்னும், அதன் மின்சாரம் நேர் வழியில் போக ஆண்டுகள் காத்திருந்தது. ஒரு சூரியப் பூங்காவைச் சில மாதங்களில் நிறுவலாம், காற்றாலை வரிசையை ஓராண்டு ஈராண்டில் எழுப்பலாம். உயரழுத்தப் பாதைக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். தென்மாவட்டங்களில் காற்றாலைகள் பெருகிய வேகத்துக்கு மின்பாதைகள் ஈடுகொடுக்காததும் இதனால்தான். கயத்தாற்றிலும் தேனி மாவட்டம் தப்பகுண்டுவிலும் காற்று மின்சாரத்துக்கென 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் எழுந்த பிறகே அந்த நெரிசல் குறைந்தது.

பழைய வகைக் காற்றாலைகளால் வட்டார அளவில் மற்றொரு தொல்லையும் உண்டு. அவற்றிலுள்ள தூண்டல் வகை ஜெனரேட்டர்கள் மின்சாரம் கொடுக்கும்போதே காந்தப்புலத்துக்கான எதிர்வினைத் திறனைக் கம்பியிலிருந்து இழுக்கின்றன. போதுமான கெப்பாசிட்டர்கள் இல்லாத துணைமின் நிலையங்களில் இதனால் மின்னழுத்தம் தாழ்கிறது. புதிய காற்றாலைகளில் இதைச் சரிக்கட்டும் மின்னணுச் சாதனங்கள் உள்ளன. பழையவற்றைப் புதுப்பித்தால், அதே இடத்தில் கூடுதல் மின்சாரமும் சீரான மின்னழுத்தமும் கிடைக்கும்.

கடைக்கோடி வீடு

மாநிலக் கணக்கில் பற்றாக்குறையே இல்லாத நாளிலும் ஒரு தெரு இருளலாம். 110 கிலோவோல்ட்டிலிருந்து 33, 11 கிலோவோல்ட்டாக இறங்கி வரும் மின்சாரம், ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மரில் வீட்டு மின்னழுத்தமாகிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் நிறுவப்பட்ட காலத்தில் தெருவில் இரண்டு வீட்டில் குளிர்சாதனம் இருந்திருக்கும். இன்று இருபது வீட்டில் இருக்கலாம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். உச்சநேரத்தில் இழப்பு வழக்கத்தைவிடக் கூடுவதும், ஃபீடர் எனப்படும் பகிர்மானப் பாதையின் கடைசியிலுள்ள வீட்டில் விசிறி மெல்லச் சுழல்வதும் இந்த விதியின் விளைவுகள்.

லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார்கள் அதே வேலைக்குக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கின்றன. கம்பி மேலும் சூடாகிறது, மின்னழுத்தம் மேலும் தாழ்கிறது. பம்புசெட் காயில் கருகுவது, ஃபியூஸ் போவது, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கொதித்துப் பழுதாவது எல்லாம் கோடையில் கூடுவதற்குக் காரணம் இதுவே. சுற்றுப்புற வெப்பம் ஏற்கெனவே மிகுந்திருப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் தன் வெப்பத்தை வெளியேற்றவும் வழி குறைகிறது. தேவை அதிகமான நாளில்தான் கருவிகளின் தாங்குதிறன் குறைவாக இருக்கிறது. கருகிய ஃபியூஸை மாற்ற இரவில் கம்பம் ஏறும் லைன்மேனின் உழைப்பில்தான் இந்தக் குறைபாடு அன்றாடம் சமாளிக்கப்படுகிறது. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் பாதுகாப்புக் கருவிகள் வழங்குவதும் உச்சநேர ஏற்பாட்டின் பகுதிகளே.

பணத்தின் கணக்கு

ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடும் மின்நிலையத்தைக் கட்ட யாரும் எளிதில் முன்வருவதில்லை. முதலீட்டுக்கான வட்டி ஆண்டு முழுவதும் ஏறும், வருமானம் சில வாரங்களில் மட்டும் வரும். எனவே உச்சநேர மின்சாரம் இயல்பாகவே விலை கூடியது. மின் சந்தையில் ஒரு யூனிட்டுக்கான உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 12 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கோடை மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொட்டு நிற்பதுண்டு. வரம்பு விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் கேட்ட அளவு முழுவதும் கிடைக்காமல் போகலாம். அண்டை மாநிலங்களும் அதே வெயிலில், அதே நேரத்தில், அதே சந்தையில் கேட்கின்றன. 2024 மே 30 அன்று நாடு முழுவதற்குமான தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது நினைவில் கொள்ளத்தக்கது.

வீட்டு நுகர்வோருக்கு நேரம் எதுவானாலும் யூனிட் விலை ஒன்றே. சந்தையில் வாங்கிய விலைக்கும் வசூலிக்கும் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மின்பகிர்மான நிறுவனம் சுமக்கிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரமும், 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் எளிய மக்களின் வாழ்வுக்குத் துணை நிற்கும் கொள்கைகள். அவற்றுக்கான மானியம் அரசிடமிருந்து முழுமையாகவும் உரிய நாளிலும் வந்துசேர்ந்தால் சிக்கலில்லை. கடனில் தத்தளிக்கும் நிறுவனமோ டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுவதையும் கம்பி பெருக்குவதையும் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட செலவு அடுத்த கோடையில் மின்தடையாகத் திரும்பி வருகிறது.

தீர்வின் திசைகள்

முதல் வழி, மின்சாரத்தை நேரத்துக்கு நேரம் நகர்த்துவது. மேல்அணைக்கும் கீழ்அணைக்கும் இடையே நீரை ஏற்றி இறக்கும் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. தேவை குறைந்த நேரத்தில் நீரை மேலேற்றி, உச்சநேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது அதன் முறை. செலவிட்டதில் முக்கால் பங்கோ சற்றுக் கூடுதலோ திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டு வருகிறது. மின்கலச் சேமிப்பு நிலையங்கள் துணைமின் நிலைய வளாகத்திலேயே அமையக்கூடியவை. ஓரிரு ஆண்டுகளில் முடியும். நடுப்பகல் சூரியனை மாலை விளக்குக்கு மாற்ற அவை ஏற்றவை. ஆடிக் காற்றைச் சித்திரைக்குச் சேமித்து வைக்க இந்த இரண்டாலும் இயலாது. அந்தப் பருவ இடைவெளிக்கு மாநிலங்களுக்கிடையிலான பண்டமாற்றும் நீண்டகால ஒப்பந்தங்களும் வேண்டும்.

இரண்டாவது வழி, தேவையையே நகர்த்துவது. பம்புசெட் ஓட வேண்டிய நேரத்தைச் சூரியன் உச்சியில் இருக்கும் பொழுதுக்குக் கொண்டுவந்தால், விவசாயிக்கு நள்ளிரவில் வயலுக்குப் போகும் துன்பம் நீங்கும், தொகுப்புக்கும் மாலைச் சுமை குறையும். விவசாயத்துக்கெனத் தனி ஃபீடர் பிரித்தால் இதைச் செம்மையாகச் செய்யலாம். பெரிய ஆலைகளுக்கு உச்சநேரக் கூடுதல் கட்டணமும் இரவுச் சலுகையும் ஏற்கெனவே உண்டு. சூரிய நேரத்தில் குறைந்த கட்டணமும் உச்சநேரத்தில் கூடுதல் கட்டணமும் விவசாயம் தவிர்த்த பிற நுகர்வோருக்கும் வர வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு விதி வகுத்தது. அதை வீடுகளுக்குக் கொண்டுவரும்போது, நேரத்தை மாற்றிக்கொள்ள வசதியில்லாத சிறு நுகர்வோர் மீது சுமை ஏறாதபடி வரம்பு வைப்பது நியாயம்.

மூன்றாவது வழி, தேவையின் உயரத்தையே குறைப்பது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் புதிய வகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். மாநிலத்தின் இரண்டு கோடி விசிறிகள் அப்படி மாறி, ஒரே நேரத்தில் ஓடினால் சேமிப்பு 900 மெகாவாட். வெள்ளைச் சுண்ணம் பூசிய கூரை, காற்றோட்டமான கட்டட அமைப்பு, மரநிழல் ஆகியவை குளிர்சாதனத்தின் வேலையைக் குறைக்கும். புதிய மின்நிலையம் கட்டுவதைவிட இவை மலிவு. இவற்றுக்குப் புதிய கம்பியும் வேண்டாம்.

நான்காவது வழி, முன்கணிப்பு. மறுநாள் காற்றின் வேகத்தையும் மேகத்தையும் வெப்பத்தையும் துல்லியமாகக் கணித்தால், எந்த அனல் அலகைச் சூடாக வைப்பது, எவ்வளவு சந்தையில் வாங்குவது என்று சென்னையிலுள்ள மாநில மின்சுமை மையமும் பெங்களூரிலுள்ள தென்மண்டல மையமும் முன்னதாகவே முடிவெடுக்கலாம். கயத்தாற்றில் சோதனை நிலையம் வைத்துள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இத்தகைய கணிப்புப் பணியிலும் ஈடுபட்டுள்ளது.

இந்த நான்கையும் செய்தாலும் சில நாட்களில் பற்றாக்குறை வரலாம். அப்போது வெட்டைப் பகிரும் முறை ஒரு சமூகக் கேள்வியாகிறது. 2012இல் தலைநகருக்கு ஓரிரு மணி நேரமும் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் பல மணி நேரமும் என்று பிரிந்த வெட்டு, காற்றாலைகளையும் அணைகளையும் அணு உலையையும் தன் நிலத்தில் தாங்கும் வட்டாரத்துக்கே மிகுந்த இருளைக் கொடுத்தது. மின்சாரம் பிறக்கும் ஊருக்கும் அது செலவாகும் ஊருக்கும் வெட்டு சமமாகப் பகிரப்பட வேண்டும். எந்த ஃபீடர், எந்த நேரம், எத்தனை நிமிடம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவமனை, குடிநீர் நிலையம் ஆகியவற்றுக்குத் தனிப்பாதை இருக்க வேண்டும். உற்பத்தி, கம்பி, சேமிப்பு, கட்டணம் ஆகியவற்றோடு இந்த நியாயமும் திட்டத்தில் எழுதப்பட்டால்தான் உச்சநேர ஏற்பாடு முழுமை பெறும்.